‘லாஸ்ட் நேம்’ என்று கேட்டால் என்ன எழுதுவது?

தமிழ்ப் பாடநூலில் பாடத்தை ஒட்டி ‘நூல்வெளி’ என்று ஒரு கட்டம் வரும். படைப்பாளரின் இயற்பெயர், புனைபெயர், எழுதிய நூல்கள் அதில் இருக்கும். ஒரு மதிப்பெண் வினாவுக்காக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்வார்கள். நாமும் அடிக்கோடிடச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டே மூன்று பாடவேளைகள் நடத்தினேன். சமூக ஊடகத்தில் ஒருவர் என்ன பெயரில் இருக்கலாம், என்ன பெயரில் இருக்கக் கூடாது என்பதுதான் பாடம்.

அதற்கான தேவை ஒரே மாதத்தில் இரண்டு வழியாக வந்தது. எங்கள் மாணவி ஒருத்தியின் பெயரிலும் படத்திலும் வேறு யாரோ ஒரு கணக்கு தொடங்கி, அவள் பேசுவதுபோல் மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். அதே மாதத்தில், இன்ஸ்டாகிராமில் தன் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரைச் சேர்த்திருந்த ஒரு மாணவனுக்கும் இன்னொருவனுக்கும் பேருந்து நிறுத்தத்தில் கைகலப்பு. தலைமையாசிரியர் என்னிடம், “பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்கள்” என்றார். ‘போனைத் தொடாதே’ என்ற அறிவுரையைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டார்கள். அதனால் பெயரிலிருந்து தொடங்கினேன். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எல்லாம் படித்த பிள்ளைகள். பெயரைப் பற்றிப் பேச அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

முதல் பாடவேளையில் எல்லாருக்கும் அரைத்தாள் கொடுத்து, “உங்களுக்கு எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனையையும் எழுதுங்கள்” என்றேன். வீட்டில் கூப்பிடும் பெயர், பாட்டி மட்டும் கூப்பிடும் பெயர், வருகைப் பதிவேட்டில் இருப்பது, ஆதாரில் இருப்பது, நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், போனில் இருப்பது. குறைந்தது மூன்று இல்லாதவர் யாருமில்லை. குலதெய்வத்தின் பெயர் ஒன்று, கூப்பிட ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது ஒன்று என்று வைக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறது. ஒரு மாணவன் ஏழு எழுதியிருந்தான்.

எழுதி முடித்ததும், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு எப்படி என்று கேட்டேன். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. பெயரில் ழகரம் இருப்பவர்கள் ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தார்கள். முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து. ஒரே பிள்ளை, மூன்று ஆவணம், மூன்று பெயர். இதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு கரும்பலகையில் இரண்டு பெட்டிகள் வரைந்தேன். ஒன்றின் மேல் ‘ஃபர்ஸ்ட் நேம்’, மற்றொன்றின் மேல் ‘லாஸ்ட் நேம்’. முகநூலில் கணக்குத் தொடங்கும்போது வருகிற அதே பெட்டிகள். விமானச் சீட்டிலும், பல வேலைவாய்ப்பு விண்ணப்பங்களிலும் இவை உண்டு. “இரண்டாவது பெட்டியில் என்ன எழுதுவீர்கள்?” என்று கேட்டேன்.

பதில்கள் பல வகை. சிலர் முன்னெழுத்தை எழுதினார்கள். சிலர் அப்பா பெயர். முத்துக்குமார், தமிழ்ச்செல்வி போன்ற பெயர்க்காரர்கள் தங்கள் பெயரையே இரண்டாக உடைத்து முத்து ஒரு பெட்டியிலும் குமார் ஒரு பெட்டியிலும் போட்டார்கள். தனக்குப் பிடித்த நடிகரின் பெயரைப் பின்னால் சேர்ப்பதாகப் பலர் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “டீச்சர், எங்க மாமா துபாய்ல இருக்காரு. அங்க எல்லாரும் அவரை எங்க தாத்தா பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்களாம்” என்றாள். வகுப்பே சிரித்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை நிரப்பியதன் விளைவு அது. அலுவலகத்தில் அழைக்கிற ஒவ்வொரு முறையும் அங்கே இல்லாத தாத்தாதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சாதிப் பெயர் எழுதுவோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நானும் பார்த்தேன்.

இந்த இரண்டு பெட்டிகளும் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலோருக்கு இடுபெயர் ஒன்று, தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் ஒன்று. படிவத்தை வகுத்தவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி வகுத்தார்கள். நம் வழக்கம் வேறு. சங்கப் புலவர் ஒருவரின் பெயரைக் கரும்பலகையில் முழுதாக எழுதினேன்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். முதலில் ஊர், பிறகு தந்தை, கடைசியில் தன் பெயர். இன்று நாம் ஊருக்கு ஓரெழுத்தும் தந்தைக்கு ஓரெழுத்துமாகச் சுருக்கி எழுதுகிற முன்னெழுத்துகளின் விரிவு அப்படியே அங்கே இருக்கிறது. (கணக்காயர் என்றால் ஆசிரியர். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் புலவர்களாவது அன்றைக்கே உண்டு என்று ஒரு சின்னப் பெருமையையும் சேர்த்துக்கொண்டேன்.) இந்த வரிசையில் தன் பெயர்தான் கடைசியில் நிற்கிறது. ‘லாஸ்ட் நேம்’ என்ற சொல்லை உள்ளபடி எடுத்துக்கொண்டால் அங்கே எழுத வேண்டியது நக்கீரன்தான்!

பெயரே தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கிய செய்தியையும் சொன்னேன். செம்புலப்பெயனீரார் அப்படிப் பெயர் பெற்றவர். “அவருக்கு ஐடி இல்ல டீச்சர், அதான் போஸ்ட்ட வச்சே பேரு வச்சிட்டாங்க” என்றான் ஒருவன். இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

அடுத்து வந்ததுதான் பாடத்தின் நடுப்பகுதி. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் தமிழ்நாட்டிலும் அந்தக் கடைசிப் பெட்டி காலியாக இருக்கவில்லை. பழைய பத்திரங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் பார்த்தால் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் தவறாமல் இருக்கும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் தன் பெயரிலிருந்த பட்டத்தை அதற்கு முன்பே நீக்கியிருந்தார். ஒரே நாளில் எல்லாரும் மாறிவிடவில்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைகளில், அரசியல் தலைவரிலிருந்து அஞ்சல்காரர் வரை, முன்னெழுத்தும் பெயரும் மட்டுமாக எழுதுவது இங்கே இயல்பாகிவிட்டது. இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் சாதியை ஊகித்துவிடலாம். தமிழ்நாட்டில் அது எளிதில்லை. நம் பெயரில் கடைசிப் பெட்டிக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். அதில் இருந்ததை நம் தாத்தாக்களும் பூட்டன்களும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. பேருந்து நிறுத்தச் சண்டையில் இருந்த மாணவன்தான் முதலில் பேசினான்.

“டீச்சர், அந்தப் பெட்டிய நிரப்பாம அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குதே. நான் என்னதான் பண்றது?”

நியாயமான கேள்வி. அவன் சமாளிப்பதற்காகக் கேட்டானா, உண்மையாகக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. எப்படிக் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். அப்பா பெயரை எழுதலாம். அம்மா பெயரை எழுதலாம். முன்னெழுத்தாகத் தாயின் பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொள்ளவும் தமிழ்நாட்டில் இடமுண்டு என்று சொன்னதும் பெண்பிள்ளைகள் பக்கம் ஒரே சலசலப்பு. “ரெண்டு பேரோடதும் வைக்கலாமா டீச்சர்?” வைக்கலாம் என்றேன். அன்றைக்கே தாளில் அம்மா பெயரையும் சேர்த்து எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. தந்தையை இழந்த ஒரு மாணவன், தாயின் எழுத்தை முதலிலும் தந்தையின் எழுத்தை அடுத்தும் எழுதிக் காட்டினான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளி வாசலில் கயிற்றை நம்மால் பார்க்க முடிகிறது. அவிழ்க்கச் சொல்ல முடிகிறது. கைபேசியில் பெயருக்குப் பின்னால் கட்டியிருக்கிற கயிறு நம் கண்ணில் படுவதில்லை. அதை உத்தரவு போட்டு அவிழ்க்கவும் முடியாது. நான் அந்த மாணவனிடம் பெயரை மாற்று என்று சொல்லவில்லை. அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன, அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை இந்த வயதில் தடையைவிடக் கேள்விதான் உள்ளே போகிறது.

இரண்டாம் பாடவேளை, நிறுவனங்களின் விதிகள். இதில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. ஆசிரியர்களுக்கு இது தேவைப்படும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். முகநூல், அன்றாட வாழ்வில் ஒருவரை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அந்தப் பெயரைக் கேட்கிறது. பெயரில் பட்டம், பதவி சேர்க்கக் கூடாது. எண்களும் குறிகளும் கூடாது. இரண்டு மொழி எழுத்துகளைக் கலக்கக் கூடாது. ஒருமுறை மாற்றினால் அடுத்த 60 நாளைக்கு மாற்ற முடியாது. தன் பெயரின் சுருக்கமாக இருந்தால் செல்லப்பெயரை ஏற்றுக்கொள்கிறது. கயல்விழி என்பவர் கயல் என்று இருக்கலாம். இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும் இரண்டு பெயர்கள் உண்டு: மேலே தெரிகிற பெயர் ஒன்று, கணக்கை அடையாளம் காட்டும் பயனர் பெயர் ஒன்று. மேலே தெரிகிற பெயரைத் தமிழில் எழுதலாம். பயனர் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். எக்ஸ் தளத்தில் அது 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்கள் சிலவற்றுக்கு அந்த இடம் போதாது.

பெயரில் பட்டம் கூடாது என்ற விதி நம்மையும் தொடும். எங்கள் ஒன்றியத்தில் பணியாற்றும் சகோதரி ஒருவர், எல்லாரும் தன்னை அழைப்பதுபோலவே பெயருக்குப் பின்னால் ‘டீச்சர்’ என்று சேர்த்து ஒரு சமூக ஊடகத்தில் கணக்கு வைத்திருந்தார். ஒருநாள் கணக்கு முடங்கியது. அடையாள ஆவணம் கேட்டார்கள். ஆவணத்தில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், கணக்கில் ‘டீச்சர்’ என்ற கடைசிப் பெயரோடு ஒரு பெயர். இரண்டும் ஒருவரே என்று புரியவைக்க அவருக்குப் பல வாரம் ஆயிற்று. அவர் தன் பாடக் காணொளிகளையெல்லாம் அதில்தான் வைத்திருந்தார்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2011-ல் கூகுள் பிளஸ் தொடங்கப்பட்டபோது உண்மைப் பெயர்தான் வேண்டும் என்று பல கணக்குகளை முடக்கினார்கள். எதிர்ப்பு வலுத்து 2014-ல் அந்த விதியைக் கைவிட்டார்கள். 2019-ல் அந்தத் தளமே மூடப்பட்டது. 2014-ல் முகநூல், சான் பிரான்சிஸ்கோவில் பெண்வேடமிட்டு மேடையேறும் கலைஞர்கள் பலரின் கணக்குகளை முடக்கிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்கத் தொல்குடி மக்களின் பெயர்கள் பெயர் போலவே இல்லை என்று முடக்கப்பட்டதும் உண்டு. 2015 இறுதியில் விதிகளைச் சற்றுத் தளர்த்தி, சிறப்புச் சூழல் இருந்தால் விளக்க வாய்ப்பு அளித்தார்கள். ஒற்றைப் பெயர் வழக்கமுள்ள இந்தோனேசியர்களுக்கு முகநூல் ஒற்றைப் பெயரை அனுமதித்திருக்கிறது. கேட்பவர்கள் கேட்டால் பெட்டியின் அளவு மாறும் என்பதற்காக இதை வகுப்பிலும் சொன்னேன்.

ஆசிரியர் அறையில் இதைப் பேசியபோது ஒரு நண்பர், “எல்லாரும் ஆதாரைக் காட்டி உண்மைப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டால் இந்த வம்பே இருக்காதே” என்றார். பலருக்கும் தோன்றுகிற எண்ணம்தான். தென்கொரியாவில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். 2007 முதல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுகிறவர்கள் தங்கள் குடிமக்கள் பதிவெண்ணைக் கொடுத்து அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. 2011-ல் அங்கே ஒரு பெரிய தளம் ஊடுருவப்பட்டு சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் சட்டத்தை ஒருமனதாக நீக்கியது. பேச்சுரிமை சுருங்கியதே தவிர, சட்டவிரோதப் பதிவுகள் கணிசமாகக் குறைந்ததற்குச் சான்றில்லை என்றது. நண்பர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை அம்மாவின் போனில் ஆதார் எண்ணைக் கண்ட தளத்திலெல்லாம் தட்டுவதை நினைத்துப் பாருங்கள் என்றபோது யோசித்தார்.

மூன்றாம் பாடவேளையில் நூல்வெளிக்கு வந்தோம். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார். சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரை அப்படியே தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் என்ற பெயரில் தனிப்பாசுரத்தொகையை வெளியிட்டார். எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் ஏற்கெனவே இருந்ததால் தன் மனைவியின் பெயரான சுஜாதாவை வைத்துக்கொண்டார். “இவர்கள் பொய் சொன்னார்களா?” என்று கேட்டேன். இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். “அப்படியானால் நம் பள்ளி மாணவியின் பெயரில் கணக்குத் தொடங்கியவர் செய்ததும் புனைபெயர்தானே?” என்றேன். இல்லவே இல்லை என்று சத்தம் வந்தது. வேறுபாடு என்ன என்று கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒரு மாணவி சொன்னாள்: “புதுமைப்பித்தன்னு வேற யாரும் இல்ல டீச்சர். அவரே வச்சுக்கிட்டாரு. இது இவளோட பேரு.” அப்போது சுஜாதா மட்டும் வேறொருவர் பெயரை எடுத்துக்கொண்டாரே என்று மடக்கினான் ஒருவன். நல்ல மடக்கு. மனைவி சம்மதித்திருப்பார், அந்த அம்மாதான் எழுதுகிறார் என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை, அவர் படத்தைப் போட்டு யாரிடமும் பணம் கேட்கவில்லை என்று பிள்ளைகளே அடுக்கினார்கள். சம்மதம், ஏமாற்றும் நோக்கம், பாதிப்பு. சட்டப் புத்தகத்தைத் திறக்காமலேயே சட்டத்தின் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சட்டத்தைச் சொன்னேன். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல் போன்ற தனி அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதைப் பற்றியது. 66டி பிரிவு, கணினி அல்லது தொடர்புக் கருவி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று பிள்ளைகள் செய்கிற பல வேலைகள் இவற்றை ஒட்டித்தான் இருக்கின்றன. பள்ளி பெயரில் நடக்கும் மீம் பக்கங்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினோம். ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைப்பது நாம் படித்த காலத்திலேயே உண்டு; எனக்கு என்ன பெயர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆசிரியரின் படத்தைப் போட்டு, அவரே எழுதுவதுபோல் மற்ற மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினால் அது வேறு. இந்தக் கோடு எங்கே என்று காட்டினால் போதும். பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் பக்கமே நின்றுகொள்கிறார்கள்.

பிறகு சொந்தப் பெயரில் இருக்கலாமா, புனைபெயரில் இருக்கலாமா என்ற கேள்வி. பெண்பிள்ளைகளில் பலர் பூவின் பெயரிலோ கார்ட்டூன் பாத்திரத்தின் பெயரிலோ இருக்கிறார்கள். இதைத் திருட்டுத்தனம் என்று நினைக்கிற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெருவில் முன்பின் தெரியாதவர் கேட்டால் பெயரைச் சொல்லாதே என்று நாம்தானே கற்றுக்கொடுத்தோம்? ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு முடங்கினாலோ களவு போனாலோ, ஆவணத்தில் இல்லாத பெயரை மீட்பது கடினம். அதனால் தன் பெயரின் ஒரு பகுதியைக் கொண்ட சுருக்கப் பெயர் நல்லது என்பது என் கருத்து. வீட்டில் பெரியவர் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்; நம் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவின் எண், அக்காவின் பழைய எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விட்டால் கணக்கின் சாவியும் கூடவே போய்விடும்.

பெயரைவிடப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுவதுதான் ஆபத்து. கரும்பலகையில் ஒரு கற்பனைப் பயனர் பெயரை எழுதினேன்: கவி, பிறகு 2011, பிறகு ஊரின் பெயர். கீழே அறிமுக வரியில் பள்ளியின் பெயர். “இதைப் பார்த்த ஒரு அந்நியருக்கு என்னென்ன தெரியும்?” வயது, ஊர், எத்தனை மணிக்கு எந்த வாசலில் வருவாள் என்பது வரை தெரியும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். புனைபெயர் வைத்துக்கொண்டு பின்னால் பிறந்த ஆண்டை ஒட்டியிருந்த பலர் அன்று மாலையே மாற்றிவிட்டதாக மறுநாள் வந்து சொன்னார்கள்.

அந்த மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலிக் கணக்கின் பக்கங்களைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்தோம், அழிந்துவிட்டால் சான்றில்லை. ஆள்மாறாட்டம் என்று அந்தத் தளத்திலேயே முறையிட்டோம். இத்தகைய முறையீட்டின் மீது 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என்று 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்திருந்தன. பெற்றோரை அழைத்துப் பேசி, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்தோம். 1930 என்ற எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணும் எங்கள் அறிவிப்புப் பலகையில் இப்போது இருக்கின்றன. கணக்கு நீக்கப்பட்டது. தொடங்கியது யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதுவும் ஒரு பிள்ளைதான்.

இந்த நாட்களில் அவளுக்குக் கிடைத்த அறிவுரைகள்தான் என்னை மிகவும் வருத்தின. கணக்கை மூடிவிடு, பெயரை மாற்றிக்கொள், இனிமேல் படம் போடாதே. சொன்னவர்கள் எல்லாரும் அவள் மேல் அக்கறை உள்ளவர்கள். ஒருநாள் இடைவேளையில் என்னிடம் வந்து, “அது என் பேரு டீச்சர். எங்க ஆச்சி வச்ச பேரு. எடுத்தவங்கள விட்டுட்டு என்னைய ஏன் மாத்தச் சொல்றாங்க?” என்றாள். அவள் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி அவளிடம் யாரும் பேச வேண்டாம் என்று அவள் வீட்டாரிடமும் சில ஆசிரியர்களிடமும் நான் கேட்டுக்கொண்டேன்.

பாடத்தின் நிறைவுச் செயல்பாடாக ஒவ்வொருவரும் தனக்கே ஒரு நூல்வெளி எழுதினார்கள். இயற்பெயர், அதை வைத்தவர், அழைக்கும் பெயர், விரும்பினால் ஒரு புனைபெயர், அதற்கான காரணம். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. 2021 டிசம்பரில் வந்த அரசாணையும் அதைத்தான் சொல்கிறது. கணக்குப் பெயரை எழுதச் சொல்லவில்லை. சுவரில் ஒட்டப்போகும் தாளில் அது இருக்கக் கூடாது. கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தைத் தேடிப் போன மாணவன், ஒரு பழைய நிலப்பத்திரத்தின் நகலோடு வந்தான். அதில் பெயருக்குப் பக்கத்தில் கைநாட்டுதான் இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது என்பது அவனுக்கு அதுவரை தெரியாதாம். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்; தன் இன்ஸ்டாகிராம் பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் குறித்து வைத்த எழுத்துக்கூட்டு வேறுபாடுகளைப் பட்டியலாக்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இவர்கள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்னால் ஆதாரும் பள்ளிப் பதிவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் அந்தப் பட்டியலை வாசிக்க இருக்கிறோம்.